இதய மாத்திரைகளை வீட்டில் கொடுப்பது எப்படி: டிஸ்சார்ஜ் அன்று சொல்ல நேரமில்லாதவை

இதய வார்டில் டிஸ்சார்ஜ் பெரும்பாலும் காலை பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் நடக்கும். ரவுண்ட்ஸ் முடிந்து, சம்மரி டைப்பாகி, மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரர்கள் என் மேஜைக்கு வரும்போது, அந்தப் படுக்கைக்கான அடுத்த ஆள் ஸ்ட்ரெச்சரில் வாசலில் காத்திருப்பார். "இது காலையில, இது ராத்திரி, உப்பைக் குறைங்க, ஒரு மாசம் கழிச்சு ரிவ்யூ" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். சிலர் கொஞ்ச நாளிலேயே கால் வீங்கி, மூச்சு வாங்கத் திரும்பி வருவார்கள். கேட்டால், மாத்திரை எல்லாம் சரியாகத்தான் சாப்பிட்டேன் என்பார்கள். பல சமயம் அது உண்மையும்கூட.

அந்த மேஜையில் எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் என்ன சொல்வேனோ அதை இங்கே எழுதுகிறேன். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மனைவி, மகள், மருமகன், பேரன் இவர்களுக்காக. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. அதில் நான் கை வைக்கவில்லை. உங்களுக்கும் வேண்டாம்.

நர்சிங் படிக்கும்போது ஜீன் வாட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1979ல் எழுதிய பராமரிப்புக் கோட்பாட்டை மனப்பாடம் செய்தோம். அதில் பத்துக் காரணிகள். பரீட்சை முடிந்த பிறகு அவற்றை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வார்டில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது வேறொரு சிஸ்டர். மாத்திரை டிரேயோடு அவர் ஒரு படுக்கையில் நிற்கிற நேரத்தில் மற்றவர்கள் இரண்டு படுக்கை முடித்திருப்பார்கள். முதலில் ஆளைப் பார்ப்பார். அப்புறம் கேஸ் ஷீட். கடைசியில்தான் மாத்திரை. கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஏதோ வேலை இருப்பதுபோல அந்தப் பக்கம் இன்னொரு நடை நடப்பார். இதய மருந்து விஷயத்தில் பராமரிப்பு என்றால் நான் புரிந்துகொண்டது அதுதான்: கொடுப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பது, கொடுத்த பின்னும் பார்ப்பது. வீட்டிலும் இதைச் செய்யலாம். நர்சிங் படித்திருக்கத் தேவையில்லை.

முதலில் எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள்

வீட்டுக்கு வந்த அன்று ஒரு பாயை விரித்து, வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் அதில் போடுங்கள். ஆஸ்பத்திரிப் பையில் இருப்பது மட்டும் போதாது. பிரிட்ஜ் மேலே, சாமி அலமாரியில், அப்பாவின் சட்டைப் பையில், அம்மாவின் சுருக்குப் பையில் என்று எங்கெங்கே இருக்கிறதோ எல்லாம் வர வேண்டும். இப்போது டிஸ்சார்ஜ் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள்.

இதில் மாட்டுகிற சிக்கல் என்னவென்றால், ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். மாத்திரை அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். இன்னொன்றுதான் மருந்தின் பெயர். முன்பு தனியார் டாக்டர் கொடுத்த பிரஷர் மாத்திரையிலும், இப்போது அரசு மருந்தகத்தில் காகிதக் கவரில் கொடுத்ததிலும் மருந்தின் பெயர் மெட்டோபுரோலால் என்றே இருந்தால், இரண்டையும் போடும் ஆளுக்கு நாடித் துடிப்பு இறங்கிக் கிறுகிறுத்து விழத்தான் செய்யும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த கேப்ஸ்யூல் ஒன்று கடையில் உண்டு. அதையும் விழுங்கி, தனியாக ஈகோஸ்பிரினும் (அதுவும் ஆஸ்பிரின்தான்) விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சீட்டில் இல்லாத எதையும் தனியே ஒரு கவரில் போட்டுக் கட்டி வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். ரிவ்யூவுக்கு வரும்போது காட்ட வேண்டும்.

வயதானவர்கள் நிறத்தை வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் வைத்திருப்பார்கள். "ரோஸ் காலையில, மஞ்சள் ராத்திரி." அடுத்த மாதம் வேறு கம்பெனி சரக்கு வந்தால் நிறம் மாறிவிடும். அதனால் கவர் மேல் மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள்: மருந்தின் பெயர், எதற்கு, எந்த நேரம். சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ½ என்று இருந்தால் பாதி. படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியனும் நிலாவும் வரைந்து வைத்தால் போதும். நாங்களே வார்டில் அதைத்தான் செய்கிறோம்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்.எல்., எஸ்.ஆர். போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. விழுங்கச் சிரமப்படுகிறார் என்று அதை இடித்துப் பொடியாக்கித் தேனில் குழைத்துக் கொடுக்கக் கூடாது. நாள் முழுவதும் சேர வேண்டிய மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வடிவம் எழுதித் தருவார்.

காலையில், மாத்திரைக்கு முன்

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். பிரஷர் மெஷினைவிட இதயம் பலவீனமானவர் வீட்டுக்கு, அதாவது 'பம்பிங் கம்மி' என்று சொல்லி அனுப்பப்பட்டவர் வீட்டுக்கு, இதுதான் அவசரம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஏறக்குறைய அதே உடையில் நிற்க வைத்துப் பார்த்து, காலண்டர் தாளில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, நீர். கால் வீங்கித் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையிலேயே சரிசெய்ய வாய்ப்பு இருக்கிறது. காத்திருந்தால் ஆக்சிஜனும் ஊசியும்தான்.

அடுத்தது நாடி. கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில், உங்கள் இரண்டு விரல்களை வைத்து மெல்ல அழுத்துங்கள். உங்கள் கட்டை விரலால் பார்க்காதீர்கள், அதில் உங்கள் துடிப்பே தெரியும். முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது துடிப்பு சீராக உள்ளவர்களுக்குத்தான் சரிப்படும்.

அப்புறம் ஒரு கேள்வி. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும், சாகக் கிடக்கிறவரும் அதைத்தான் சொல்வார். நான் கேட்பது, "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுத்தீங்க?" ஒன்று வைத்துப் படுத்தவர் மூன்று வைக்க ஆரம்பித்தால், அல்லது நடு ராத்திரி எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால், நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர், "தலையணை எல்லாம் ஒண்ணுதான் சிஸ்டர், ஆனா நாலு நாளா திண்ணையில சாஞ்சுக்கிட்டுத்தான் தூங்குறேன்" என்றார். வீட்டில் யாருக்கும் அது ஒரு செய்தியாகவே படவில்லை. வெயில் காலம், காற்றுக்காகப் படுக்கிறார் என்று நினைத்திருந்தார்கள்.

பிரஷர் மெஷின் இருந்தால் அதையும் பாருங்கள். மேல் எண் 90க்குக் கீழே இருந்தாலோ, 100 பக்கம் இருந்து எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ, மாத்திரைக்கு முன் ஒரு போன் செய்து கேளுங்கள்.

டிஜாக்சின்

லானாக்சின் என்ற பெயரில் வரும் குட்டி மாத்திரை. பழைய மருந்து. ஐரோப்பாவின் டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து வந்தது. வில்லியம் விதரிங் என்ற இங்கிலாந்து டாக்டர் 1785லேயே, எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதி வைத்தார். இந்த மருந்தில் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. நம் ஊரில் பல டாக்டர்கள் வாரம் ஐந்து நாள் மட்டும் எழுதுவது அதற்காகத்தான். சனி, ஞாயிறு லீவு என்று எழுதியிருந்தால் லீவுதான். "விட்டுப்போச்சே" என்று சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

நாடி 60க்குக் கீழே இருந்தால் எங்கள் வார்டில் டிஜாக்சினை டிரேயிலேயே வைத்துவிட்டு டாக்டரைக் கேட்போம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதற்கு முன்னாலேயே சில அறிகுறிகள் வரும்: சாப்பாட்டைக் கண்டால் பிடிக்காது, குமட்டல், வாந்தி, பார்வையில் ஒரு மஞ்சள் மங்கல், வயதானவர்களுக்கு ஒரு குழப்பம். "தாத்தா ரெண்டு நாளா சோறே சாப்பிடல, பித்தமா இருக்கும்" என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டு, கூடவே டிஜாக்சினையும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும். சிறுநீரகம் சுணங்கினால் மருந்து வெளியே போகாது. இரண்டுமே டிஜாக்சினை ஆபத்தாக்கும். இதற்குக் காத்திருக்க வேண்டாம், ஒரு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் அன்றே வேண்டும்.

நீர் மாத்திரை: இதைத்தான் அதிகம் விடுகிறார்கள்

லாசிக்ஸ், அதாவது ஃபுரோசமைடு. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் பிரிய ஆரம்பிக்கும், ஆறு மணி நேரம் வரை அந்த வேகம் இருக்கும். அதனால் காலையில் ஒன்று. இரண்டாவது வேளை எழுதியிருந்தால் மதியம் இரண்டு மூன்று மணிக்குள். ராத்திரி கொடுத்தால் தூக்கம் கெடும் என்பதோடு முடியாது. இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போய் விழுந்து இடுப்பு எலும்பு உடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் வார்டுக்குத் திரும்பி வருகிறவர்களிடம் துருவிக் கேட்டால் பெரும்பாலும் இந்த மாத்திரையில்தான் போய் நிற்கும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, ரேஷன் கடை, டவுன் பஸ் என்று வெளியே போகிற நாட்களில் விட்டுவிடுவார்கள். அது அவர்கள் கணக்கில் மாத்திரையை விட்டதாகவே வராது. பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. பஸ் ஸ்டாண்டு கழிப்பறையை நினைத்தே காலையிலிருந்து தண்ணீரும் குடிக்காமல், மாத்திரையும் போடாமல் கிளம்புவார்கள். களையெடுக்கப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிறவர் எல்லாருக்கும் இதே கதைதான். "ஏன் போடல?" என்று அதட்டுகிற நர்ஸிடம் இதைச் சொல்ல மாட்டார்கள். "வெளியே போற அன்னைக்கு என்ன பண்றீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்கள்.

வழி இருக்கிறது. காலை ஆறு மணிக்கே போட்டால் கிளம்புவதற்குள் முக்கால்வாசி வேகம் அடங்கிவிடும். இல்லை, காலையிலேயே கிளம்பி மதியம் திரும்புகிறார் என்றால் வந்ததும் போடட்டும். நேரத்தை நகர்த்தலாம், நாளைத் தாண்டக் கூடாது. உங்கள் டாக்டரிடம் இந்த ஏற்பாட்டை ஒரு தடவை சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறுநீர்க் கலனோ, வழியில் ஒரு சின்ன ராத்திரி விளக்கோ வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீர் அளவு சொல்லியிருந்தால், உதாரணமாக நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்றால், காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. ஒரு வேளைக்கு ஆறு மாத்திரை விழுங்க ஆறு மடக்குத் தண்ணீர் போதும், ஆறு டம்ளர் வேண்டாம்.

இன்னொன்று பொட்டாசியம். லாசிக்ஸ் அதை வெளியே தள்ளும். ஆனால் கூடவே ஸ்பைரோனோலாக்டோன், எனலாபிரில், ராமிபிரில் எழுதியிருந்தால் அவை அதை உள்ளே பிடித்து வைக்கும். இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு உடம்புக்கு நல்லது என்று தினம் இளநீர் வெட்டிக் கொடுத்தால் பொட்டாசியம் எகிறி இதயத் துடிப்பே தாறுமாறாகும். சிறுநீரகமும் பழுதானவர் என்றால் ஆபத்து இரட்டிப்பு. கடையில் விற்கும் 'குறை சோடியம்' உப்பிலும் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது. பிரஷருக்கு நல்லது என்று விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்த மூன்றையும் நிறுத்தினாலே நிறையக் குறைந்துவிடும்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். வாரம் முழுக்க லாசிக்ஸ் செய்த வேலையை அவை கெடுத்துவிடும். வலி என்றால் பாராசிட்டமால் போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இருமல் வந்தால்

எனலாபிரில், ராமிபிரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். தொண்டையில் ஏதோ குறுகுறுத்துக்கொண்டே இருக்கும், சளி வராது. அதற்கு இருமல் மருந்து வேலை செய்யாது. மாத்திரையை மாற்றினால்தான் போகும். அதே வீட்டில் இன்னொரு இருமலும் வரலாம்: படுத்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும், சில சமயம் நுரையாக வரும். அது நீர் சேர்ந்த இருமல். முதலாவதுக்கு இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். இரண்டாவதுக்கு உடனே கிளம்புங்கள். உதடு, நாக்கு, முகம் திடீரென்று வீங்கினால் மாத்திரையை அதோடு நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இருமல் என்றதும் நம் வீடுகளில் அதிமதுரம் வந்துவிடும். மற்றவர்களுக்குச் சரி. இதய நோயாளிக்கு அதைத் தினமும் கஷாயமாகக் கொடுத்தால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கி, பிரஷர் ஏறி, பொட்டாசியம் இறங்கும். கூடவே லாசிக்ஸும் டிஜாக்சினும் இருந்தால் அப்புறம் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மருதம்பட்டைப் பொடி, பூண்டு மாத்திரை என்று வேறு எது சாப்பிட்டாலும் எங்களிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்கிறார்கள். திட்டுகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

ஸ்டென்ட் வைத்தவருக்கு

ஆஸ்பிரின் 75 மி.கி., கூடவே குளோபிடோகிரெல் அல்லது அதன் வகையைச் சேர்ந்த இன்னொன்று. மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட், அதாவது இதய ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை வைத்தால் இரண்டையும் சேர்த்து வழக்கமாக ஓர் ஆண்டு. எத்தனை மாதம் என்று சம்மரியில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்தில் நெஞ்சு வலி இல்லை, நடக்க முடிகிறது, மாத்திரை எதற்கு என்று நிறுத்துவார்கள். கம்பி உலோகம். அதன் மேல் உட்சவ்வு வளர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் பட்டு உறையப் பார்க்கும். இந்த இரண்டு மாத்திரையும்தான் அதைத் தடுக்கின்றன. நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு, போன தடவையைவிடப் பெரிய மாரடைப்பாக வரலாம். பல் பிடுங்க வேண்டும் என்றால் பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். காசு இல்லாமல் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இவை இலவசமாகவே கிடைக்கும், வெட்கப்படாமல் வாருங்கள்.

ஆஸ்பிரின் சாப்பாட்டுக்குப் பிறகு. மலம் தார் போலக் கறுத்தால் வயிற்றில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மெட்டோபுரோலால், பைசோபுரோலால் வகைகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, நெஞ்சு வலி திரும்பிவிடும். நாடி 50க்குக் கீழே போனால் போன் செய்யுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் இன்னொரு எச்சரிக்கை: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வியர்த்தால் சர்க்கரையைப் பாருங்கள். அட்டோர்வாஸ்டாட்டினை எந்த நேரத்திலும் போடலாம். தொடை, தோள் சதை விடாமல் வலித்தால், அல்லது சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் சொல்லுங்கள்.

வால்வு மாற்றியவர்கள்

சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி 1990ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய சித்ரா வால்வு வந்த பிறகு, ஏழைகளுக்கும் உலோக வால்வு எட்டியது. உலோக வால்வு என்றால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, நம் பக்கம் பெரும்பாலும் ஆசிட்ரோம்.

இதைச் சாயங்காலம் ஒரே நேரத்தில் கொடுங்கள். காலையில் ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்ற ரத்தப் பரிசோதனை, பார்த்து அளவை மாற்றினால் அன்றே மாற்றிக்கொள்ள வசதி. ஒரு நாள் மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. காலண்டரில் ஒரு வட்டம் போட்டு, அடுத்த ஐ.என்.ஆர். அன்று காட்டுங்கள். இல்லாவிட்டால் டாக்டர் அளவு போதவில்லை என்று நினைத்து ஏற்றிவிடுவார்.

கீரை சாப்பிடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சாப்பிடலாம். ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஆடி மாதம் முழுக்க முருங்கைக் கீரையாகத் தின்றுவிட்டு ஆவணியில் தொடாமல் இருந்தால் ஐ.என்.ஆர். ஏறி இறங்கி ஆடும். பக்கத்து கிளினிக்கில் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போடும் முன் "நான் ஆசிட்ரோம் சாப்பிடுறேன்" என்று சொல்ல வேண்டும், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ஆன்டிபயாடிக் எழுதினாலும் சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

இந்த நோயாளிகளில் பலர் இளம் பெண்கள். பிளஸ் டூ முடித்த கையோடு வால்வு மாற்றிக்கொண்டு போகிற பெண்ணிடம், அம்மா மருந்தகத்தில் வரிசையில் நிற்கும் நேரம் பார்த்து, நான் ஒன்றைத் தனியாகச் சொல்வேன். இந்த மாத்திரை கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் குழந்தையைப் பாதிக்கும். கல்யாணம் பேசும்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும். நாள் தள்ளிப்போனால் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் அன்றே ஓடி வர வேண்டும். நிறுத்தினால் வால்வு அடைக்கும், தொடர்ந்தால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் இரண்டையும் யோசித்து மருந்தை மாற்றுவது டாக்டர் வேலை. மாதவிடாய் அதிகமாகப் போவதையும் இவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை

சார்பிட்ரேட் 5 மி.கி. நெஞ்சு இறுக்கம் வந்தால் முதலில் உட்கார வையுங்கள், பிரஷர் இறங்கி நின்ற இடத்தில் விழலாம். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுங்கள், விழுங்க வேண்டாம். தலை விண்ணென்று வலிக்கும், அது மருந்தின் குணம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றால் 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று வரை வைக்கலாம். பிரஷர் குறைவாக இருந்தால், கண் இருட்டினால் வைக்காதீர்கள்.

ஆண்மைக்குறைவு மாத்திரை, அதாவது சில்டெனாஃபில் சாப்பிட்ட 24 மணி நேரத்துக்குள், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், சார்பிட்ரேட் வைத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்குப் போய்விடும். இதை மனைவி, மகள் முன்னால் கேட்டால் எந்த ஆணும் ஆமாம் என்று சொல்ல மாட்டார். திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நிறையப் பேர் சாப்பிடுறாங்கண்ணே, அதனால எல்லாரையும் கேட்கிறேன்" என்று ஆரம்பித்தால் சொல்வார்கள். லாரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் அப்படித்தான், "நல்ல வேளை கேட்டீங்க சிஸ்டர்" என்றார். வீட்டில் இதைக் கேட்க மகனோ மச்சானோதான் சரி.

வலி என்றாலே இடது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, தாடை வலி, மேல் வயிற்றுக் கனம் என்றுதான் பல சமயம் வரும். "வாய்வுப் பிடிப்பு" என்று சோடா குடித்து, ஜெலூசில் குடித்து, முதுகில் தைலம் தேய்த்து, விடிந்ததும் பார்ப்போம் என்று வருகிறவர்களுக்கு அதற்குள் இதயச் சதை செத்துப்போயிருக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே முதலில் போகலாம். 2023ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் அதிக அளவாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ரிவ்யூவுக்கு வரும்போது

காலண்டர் தாள், மாத்திரைப் பை முழுவதும், காலி அட்டைகள், அந்தக் கட்டி வைத்த கவர் எல்லாம் வரட்டும். "அதே வெள்ளை மாத்திரைதான்" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. டிஜாக்சின் அளவு பார்க்க ரத்தம் எடுக்கச் சொல்லியிருந்தால் அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். போட்ட ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தால் அளவு தப்பாகக் காட்டும்.

மற்ற நாட்களில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொன்னால் அது சாப்பாட்டுக்குத்தான். அதை நம்பிக் காலைப் பிரஷர் மாத்திரையையும் போடாமல் வந்து, ஓ.பி. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, 170 என்று பிரஷர் காட்டி, டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்து எழுதிவிட, வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு மயங்கி விழுகிறவர்கள் உண்டு. பிரஷர், இதய மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டே கிளம்புங்கள். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் மட்டும் கையில் கொண்டுவந்து, சாப்பிடும்போது போட்டுக்கொள்ளுங்கள்.